பட்டன் பலகைக்கு எந்த வயர்?

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்ய இறங்குபவர்கள் ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் வாரக்கணக்கில் அலைவார்கள். வயர் விஷயத்தில் மட்டும் கைக்குக் கிடைத்தது போதும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஆட்டத்தின் நடுவே ஒரு பட்டன் வேலை செய்யும், செய்யாது.

1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடுவதற்கான இருவர் பலகையை எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு நான்கு திசை, ஆறு பட்டன், ஒரு ஸ்டார்ட், ஒரு காயின். மொத்தம் 24 சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் தனி சிக்னல் வயர். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட்.

மெல்லிய வயர் தாங்குமா என்பதுதான் பலருக்கும் முதல் கவலை. கணக்குப் போட்டால் அது பறந்துவிடும். பட்டன் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் யுஎஸ்பி என்கோடர் போர்டில் 5 வோல்ட் ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியே வருகிறது என்றால், பட்டனை அழுத்தும்போது ஓடுவது அரை மில்லி ஆம்பியர். 22 கேஜ் வயரின் ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.053 ஓம். அதில் இழக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் மூன்று பங்குகூட இல்லை.

ஆகவே தடிமனைத் தீர்மானிப்பது மின்சாரம் அல்ல, வயர் நுனியில் அழுத்திப் பொருத்தி பட்டனின் உலோகக் காலில் செருகும் லக். ஜப்பானிய சான்வாவின் 30 மி.மீ. பட்டனுக்குக் கால் 2.8 மி.மீ. அகலம், அமெரிக்க பாணி மைக்ரோசுவிட்சுக்குப் பெரும்பாலும் 4.8 மி.மீ. காலுக்கேற்ற லக்கை வாங்கிய பிறகே வயர் கடைக்குப் போவது நல்லது. பரவலாகக் கிடைக்கும் சிவப்பு உறை லக் 22 முதல் 16 கேஜ் வரையான வயருக்கானது. கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும். 24 கேஜ் வயரை இந்த லக்கில் வைத்து அழுத்தினால் பிடி தளர்வாகவே இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

மீந்துபோன நெட்வொர்க் கேபிள் பலரையும் சபலப்படுத்தும். எட்டு நிறங்கள், செலவே இல்லை! ஆனால் சுவருக்குள் ஓடும் கேட்-5 கேபிளின் உள்ளே இருப்பது பெரும்பாலும் 24 கேஜ் ஒற்றைக் கம்பி. பழுது பார்க்கப் பலகையை மூடிபோலத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது லக்கின் கழுத்தில் வளைகிறது, ஒருநாள் முறிகிறது. உறை முழுசாக இருப்பதால் முறிவு கண்ணுக்கும் தெரியாது. அசையாத இடத்துக்கு அது பொருந்தும், இங்கே வேண்டாம்.

பல இழை வயரே இதற்குச் சரி. 22 கேஜ் என்பது சுமார் 0.33 சதுர மி.மீ.; 0.5 சதுர மி.மீ. வயரும் சிவப்பு லக்கில் கச்சிதமாக உட்காரும். நம் ஊர்க் கடைகளில் 14/76 என்று சொல்வது 0.0076 அங்குல விட்டமுள்ள 14 இழைகள், ஏறக்குறைய 0.41 சதுர மி.மீ. இரண்டுக்கும் நடுவே விழும் அருமையான அளவு. சிலிகான் உறை மெத்தென்று வளையும், சூடும் தாங்கும்; ஆனால் விலை கூடுதல். பட்டன் பலகைக்கு பிவிசி உறையே போதும்.

இழைகளுக்கு ஈயம் பூசி லக்கில் நுழைக்கும் பழக்கம் மட்டும் கூடாது. ஈயம் ஊறிய இடம் ஒற்றைக் கம்பிபோல விறைத்து, அங்கேயே ஒடியும்.

தயார் ஹார்னஸும் உண்டு. மலிவான என்கோடர் போர்டுகளோடு பட்டனுக்கொரு ஜோடி மெல்லிய வயர் வரும். மடியில் வைத்து ஆடும் சிறு பெட்டிக்குத் தாராளம்; அகலமான இருவர் பலகையில் நீளம் எட்டாமல் போகலாம்.

கிரவுண்டை ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுச் செல்லும் சங்கிலியாக இழுப்பது வழக்கம். நடுவில் ஓரிடம் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள பட்டன்கள் எல்லாம் செத்துவிடும். கடைசிப் பட்டனிலிருந்து ஒரு வயரைத் திரும்ப போர்டுக்கே கொண்டுவந்து வளையமாக்கினால் ஓர் அறுப்பைத் தாங்கும். அரை மீட்டர் கூடுதல் வயருக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

மின்சாரம் ஊட்டும் வயர் மட்டும் வேறு கதை. ஆர்கேட் கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கும் 1985-ன் ஜம்மா இணைப்பியில் 56 முனைகள். அவற்றில் கிரவுண்டுக்கு எட்டு, 5 வோல்ட்டுக்கு நான்கு. பழைய கேம் போர்டு சில ஆம்பியர் இழுக்கும் என்பதால்தான் இத்தனை. அங்கே 18 கேஜ், அதாவது 0.82 சதுர மி.மீ. வேண்டும். திரைக்குப் போகும் 230 வோல்ட்டுக்கு எர்த்தோடு கூடிய மூன்று கோர் கேபிள், பட்டன் வயர்களிலிருந்து விலகி, தனி வழியில்.

லக்கை அழுத்தியதும் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வருவது மேசையிலேயே வரட்டும்.