மணிக்கட்டில் மின்னலாமா?

கேள்வி: தொழில் சந்திப்புகளுக்குப் பளபளக்கும் விலையுயர்ந்த வாட்ச் கட்டிப் போனால் மதிப்புக் கூடுமா?

பதில்: எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. வாரன் பஃபெட் கட்டுவது தங்க ரோலக்ஸ். யாரும் முகம் சுளிப்பதில்லை. பில் கேட்ஸ் கையிலோ சாதாரண கேசியோ.

2025 ஜனவரியில், மெட்டாவின் உண்மை சரிபார்ப்புத் திட்டத்தை அமெரிக்காவில் கைவிடுவதாக மார்க் ஸக்கர்பெர்க் காணொளியில் அறிவித்தார். பலரின் பார்வை போனது அவர் மணிக்கட்டுக்கு: சுமார் 9 லட்சம் டாலர் மதிப்புள்ள க்ரூபெல் ஃபோர்ஸி! சொல்ல வந்த சேதியோடு வாட்ச்சும் செய்தியாகிவிட்டது.

அரசியலில் இது இன்னும் வில்லங்கம். 2016இல் கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா, வைரம் பதித்த ஹூப்லோ வாட்ச் நண்பர் தந்த பரிசு என்று விளக்கிப் பார்த்தார். சர்ச்சை ஓயவில்லை; கடைசியில் சபாநாயகரிடம் ஒப்படைத்தார்.

வங்கியில் கடன் கேட்கப் போகும்போதும், ஆட்குறைப்பை அறிவிக்கும் நாளிலும் சட்டைக் கைக்குள் அடங்கும் தோல்வார் வாட்ச் போதும். நகைக்கடை முதலாளிக்கு வேண்டுமானால் விலக்கு அளிக்கலாம்.