பித்தளை ஸ்விட்ச்சும் கூடவே வரும் கதைகளும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளும் தேக்குக் கதவுகளும் தேடிப் போகிறவர்கள், பழைய மின்சாமான்கள் கிடக்கும் கூடைப் பக்கமும் ஒருமுறை குனிந்து பார்க்காமல் வருவதில்லை. பித்தளை மூடி போட்ட வட்ட ஸ்விட்ச், கறுப்பு பேக்லைட் ஹோல்டர், பீங்கான் பியூஸ் கட்டை என்று கலந்து கிடக்கும். செட்டிநாட்டில் பாட்டன் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இவை பொக்கிஷம். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கும்போது பக்கத்துச் சுவரில் வெள்ளை பிளாஸ்டிக் போர்டு துருத்திக்கொண்டு நிற்பதை யார்தான் விரும்புவார்கள்? வாங்குவது சரிதான். ஆனால் சாமானோடு சேர்த்துக் கடைக்காரர் சொன்னது, சித்தப்பா சொன்னது, வயர்மேன் சொன்னது என்று சில நம்பிக்கைகளும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றில் சில ஆபத்தானவை.

“அந்தக் காலத்துச் சாமான் கெட்டி. இன்னும் நூறு வருஷம் உழைக்கும்.”

எது உழைக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பித்தளை மூடியும் பீங்கான் அடிக்கட்டையும் உழைக்கும், சந்தேகமில்லை. உள்ளே இருக்கும் வில்லைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. குமிழைத் தள்ளியதும் ‘டக்’கென்று விழும் ஸ்விட்ச்சை 1884இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் உருவாக்கினார். அந்த ‘டக்’ வெறும் சத்தமல்ல. தொடர்பு மெதுவாகப் பிரிந்தால் இடைவெளியில் தீப்பொறி நின்று எரியும். வில்லின் வேகம் அதைத் துண்டிக்கிறது. பல்லாயிரம் முறை போட்டு அணைத்த வில் தளர்ந்திருந்தால் பொறி நீளும், தொடர்பு முனை கருகும், ஸ்விட்ச் சுடும். கடையிலேயே பத்து முறை தட்டிப் பாருங்கள். குமிழ் நடுவில் சொங்கி நின்றால் அது இனி அழகுப் பொருள்தான்.

பேக்லைட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. 1907இல் லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்த இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் உருகாது. ஆனால் விரிசல் விடும். விரிசலில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அந்த வழியே மின்சாரம் கசிந்து கரிக்கோடு போடும். கோடு தெரிந்த துண்டை விலைக்கு வாங்காதீர்கள். பழைய பேக்லைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பியூஸ் கட்டைக்குள் வெள்ளையாக, நார் நாராக ஒரு திண்டு இருந்தாலும் அதே சந்தேகம் வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, துளை போடுவது, ஊதிச் சுத்தம் செய்வது எதுவும் கூடாது.

“விளக்கு எரியுது, டெஸ்டரும் எரியுது. பழைய வயரே போதும்.”

மின்சாரம் வருகிறது என்பதைத்தான் டெஸ்டர் சொல்லும். வயரின் மேலுறை எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் கொண்ட வயர். யாரும் தொடாதவரை அது பேசாமல் கிடக்கும். புது ஸ்விட்ச் மாட்டுவதற்காக நுனியை வளைத்தால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். இதற்கு மெக்கர் என்ற கருவி இருக்கிறது. 500 வோல்ட் செலுத்தி, உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பேச்சே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். ரப்பர் வயர் என்று தெரிந்துவிட்டால் அளவு பார்க்காமலே மாற்றச் சொல்வேன். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்பது இன்றைய நடைமுறை. நூல் பின்னல் தோற்றம்தான் வேண்டுமென்றால் உள்ளே பி.வி.சி., வெளியே நூல் என்று புதிதாகவே வயர் விற்கிறார்கள்.

“அப்போ யாரு எர்த் கொடுத்தா? அவங்க நல்லாத்தானே இருந்தாங்க.”

இந்த வரிசையில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். நல்லா இருந்தவர்கள்தான் வந்து கதை சொல்கிறார்கள். பித்தளை மூடிக்குள் ஒரு செம்புப் பிசிறு நழுவி மூடியைத் தொட்டால், அடுத்து அந்த ஸ்விட்ச்சைத் தொடும் கைக்கு 230 வோல்ட். மழைக்காலத்தில் ஈரக்காலோடு முற்றத்திலிருந்து வந்து விளக்குப் போடுகிறவரை நினைத்துப் பாருங்கள். உலோக மூடி, உலோக விளக்கு எதுவானாலும் பச்சை வயர் கட்டாயம் வேண்டும். கீழே தேக்கு ரவுண்டு பிளாக் இருப்பதால் ஷாக் அடிக்காது என்பதும் வெறும் பேச்சு. மரம் சுவரைத்தான் காக்கும், விரலைக் காக்காது.

எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலையே மூடியோடு முறுக்கிவிடும் ஆசாமிகள் உண்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் மூடிகள் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறி நிற்கும். இன்னொரு சிக்கல் பாலிஷ்: பித்தளை கறுக்காமலிருக்க லாக்கர் பூசியிருந்தால் எர்த் திருகு கடித்தும் தொடர்பு கிடைக்காது. திருகு உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டிவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மெயினில் இருக்கட்டும். அது இருப்பதால் எர்த் வேண்டாம் என்று ஆகிவிடாது.

“புளி போட்டுத் தேய்ச்சா புதுசாயிடும்.”

குத்துவிளக்குக்குச் சரி. முழு ஸ்விட்ச்சையும் புளித்தண்ணீரில் முக்கினால் அமிலம் திருகு இடுக்குகளில் தங்கி, சில மாதங்களில் பச்சைக் களிம்பு கட்டும். மூடியை மட்டும் கழற்றித் தேய்த்து, அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

“சுவரை வெட்டி உள்ளே போட்டாத்தான் சேஃப்டி.”

செட்டிநாட்டுச் சுவருக்கு இது அநியாயம். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பல பூச்சாக இழைத்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர் அது. கட்டிங் மெஷின் வைத்துக் கீறியபின் சிமென்ட் பூசி ஒட்டுப்போட்டால் நிறமும் சேராது, பூச்சும் சேராது. சுவரின் மேலேயே இரும்புக் குழாயிலோ சட்டத்தின்மேலோ உறையிட்ட புது வயரை ஓட்டுவதில் பாதுகாப்புக் குறைவு எதுவுமில்லை. பழுது வந்தால் தேடுவதும் சுலபம். இந்த வீடுகளில் மின்சாரம் நுழைந்தபோதே சுவருக்கு வெளியேதான் ஓடியது. அதுவே அந்த வீட்டின் லட்சணம்.

“கறுத்துப்போயிருக்கு, அப்போ பழசுதான்.”

கறுப்பு ரசாயனத்தில் ஒரே நாளில் வரும். மொராதாபாத் பட்டறைகள் பித்தளையில் எதையும் செய்து தரும். திருகைப் பாருங்கள். பிளஸ் தலைத் திருகு 1930களில்தான் சந்தைக்கு வந்தது. 1920களின் ஸ்விட்ச் என்று விற்பதில் அது இருந்தால் குறைந்தபட்சம் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தேய்மானம் விரல் படும் இடத்தில் கூடுதலாக இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் சீராக அல்ல. அதேசமயம், புது நகல் என்றால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உள்ளே ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஸ்விட்ச் இருந்தால், தினம் இருபது முறை போட்டு அணைக்கும் சமையல்கட்டுக்கு நான் நகலைத்தான் சிபாரிசு செய்வேன். பழசின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

“பழைய ஃபேன், பழைய சாண்ட்லியர். ஒயரைக் கொடுத்தா ஓடும்.”

கொல்கத்தாவில் நெடுங்காலம் டி.சி. மின்சாரம் இருந்தது, அதற்காகச் செய்த கனத்த மின்விசிறிகள் பழைய சந்தைகளில் திரிகின்றன. பெயர்த்தகட்டில் டி.சி. என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு ஏ.சி. மின்சாரத்தில் அதை மாட்டாதீர்கள். ஏ.சி. என்றே இருந்தாலும் வார்ப்பிரும்பின் எடையைக் கூரைக் கொக்கி தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய சாண்ட்லியர்களில் நம் பின் ஹோல்டருக்குப் பதிலாகத் திருகு ஹோல்டர் இருக்கும். ஃபேஸ் வயர் அதன் அடிநடுப் பொட்டுக்குத்தான் போக வேண்டும். மறையோட்டுக்குக் கொடுத்துவிட்டால் பல்பு மாற்றும்போது விரல் படுவது ஃபேஸிலேயே. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் பழைய கண்ணாடி ஷேடும் ஹோல்டரும் சூட்டிலிருந்து தப்பும்.

பீங்கான் பியூஸ் கட்டைகள் பதித்த மெயின் போர்டை மட்டும் கழற்ற மனம் வராது பலருக்கு. கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எம்.சி.பி. பெட்டியைப் பட்டாலைக் கதவுக்குப் பின்னால் வைக்கலாம். லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலையைத் தொடங்குமுன், எது வேலை செய்யும் ஸ்விட்ச், எது வெறும் அலங்காரம் என்று ஒரு தாளில் வரைந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.