கத்தரிக்காயில் பூச்சிமருந்து எச்சம்: ஒளிரும் நானோ துகளால் சோதிப்பது எப்படி?

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் தெளிக்க இந்தியாவில் 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் சந்தையில் வாங்கும் கத்தரிக்காயில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒளிர்வை அளக்கும் ஃபுளோரிமீட்டர் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் முதற்கட்டச் சோதனையைச் செய்துவிடலாம்.

நீலமாக ஒளிரும் கார்பன் டாட் என்ற நானோ துகளோடு தாமிர அயனி சேர்ந்தால் ஒளி மங்கும். அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் நொதி அசிட்டைல்தயோகோலினிலிருந்து உருவாக்கும் தயோகோலின் அந்தத் தாமிரத்தைப் பற்றிக்கொள்ள, ஒளி திரும்பும். மோனோகுரோட்டோபாஸ் நொதியை முடக்கிவிடுவதால் மங்கல் நீடிக்கும்.

1. துகள் தயாரிப்பு
1.05 கிராம் சிட்ரிக் அமிலம், 335 மைக்ரோலிட்டர் எத்திலீன்டைஅமீன் இரண்டையும் 10 மி.லி. நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். டயாலிசிஸ் மூலம் சுத்திகரியுங்கள். பிறகு தாமிரக் கரைசலைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒளி மங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

2. சாறு எடுத்தல்
அரைத்த காயில் ஒரு பங்கை முதலிலேயே உறைய வைத்துவிடுங்கள். இன்னொரு 10 கிராமை 10 மி.லி. அசிட்டோநைட்ரைலில் குலுக்கி, 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு சேர்த்து மீண்டும் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். மேல்திரவத்தில் பி.எஸ்.ஏ. என்ற உறிஞ்சு பொடியைச் சேர்த்துக் குலுக்கினால் தோலின் ஊதா நிறம் பொடியில் தங்கிவிடும். அசிட்டோநைட்ரைல் நொதியைப் பாதிக்கும். அதனால் நைட்ரஜன் வாயுவில் உலர்த்தி, பி.எச். 7.5 ஹெப்பெஸ் பஃபரில் கரையுங்கள். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், தாமிரம் படிந்துவிடும்.

3. அளவீடு
சாற்றையும் நொதியையும் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, அசிட்டைல்தயோகோலின் சேர்த்து மீண்டும் அரை மணி நேரம் விடுங்கள். கடைசியாகத் தாமிரம் கலந்த துகள். 360 நானோமீட்டரில் தூண்டி, 440-ஐ ஒட்டி அளவிடுங்கள்.

4. ஒப்பீட்டுக் குழாய்கள்
சோதனையின் உயிரே இங்குதான். மருந்தடிக்காத கத்தரிக்காய்ச் சாறு நொதியோடு நன்றாக ஒளிர வேண்டும். சோதிக்கும் சாறு நொதியில்லாமல் மங்கலாகவே இருக்க வேண்டும். அது ஒளிர்ந்தால், காயிலுள்ள வேறு பொருளே தாமிரத்தைப் பற்றுகிறது என்று அர்த்தம். மருந்து இருந்தும் இல்லாததுபோல் காட்டும் அந்த அளவீட்டை ஏற்காதீர்கள்.

5. முடிவை வாசித்தல்
மருந்தில்லாத காயின் சாற்றில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து அளவுகோல் வரைபடம் தயாரியுங்கள். தூய நீரில் வரைந்தது பொருந்தாது. பைரெத்ராய்டு, நியோநிகோட்டினாய்டு வகைகள் இந்த நொதியை முடக்காது. எனவே ஒளி திரும்பியது என்பதற்காக “மருந்தே இல்லை” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மங்கலாக நின்றால், உறைய வைத்த பங்கை எல்.சி.-எம்.எஸ். வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று அங்கு உறுதியான பிறகே விவசாயியிடமோ வியாபாரியிடமோ பேசுவது நியாயம்.