பத்துக்கு ஐந்தா? கல்லூரித் தரப்புள்ளியை அறிதலும் உயர்த்தலும்

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் ஆலயத்திற்கு வழிபாட்டிற்காகச் சென்றிருந்தபோது, கள்ளக்குறிச்சியில் வணிகம் செய்துவரும் நயினார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை நீட்டினார். கலைக் கல்லூரியில் பயிலும் அவர் மகளின் மதிப்பெண் பட்டியல் அது. இரண்டு பருவங்கள் முடிந்த நிலையில், மூன்றாம் பகுதிக்கு நேரே 5.4 என்று அச்சாகியிருந்தது. "பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 480 வாங்கிய பெண் ஐயா. இங்கே பத்துக்கு ஐந்துதான் வாங்கியிருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு நல்ல இடமாகப் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு" என்றார்.

ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததனால் ஒரு பெண்ணின் கல்வியே நின்றுவிடும் நிலை. நம் இல்லங்களில் இத்தாளை வாங்கிப் பார்க்கும் பெரியோர் பலரும், நாம் உட்பட, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் வளர்ந்தவர்கள். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

தமிழகத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் 2008-09 கல்வியாண்டு முதல் விருப்பப் பாடத் தெரிவு முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் எனப்படும் எடை உண்டு. பெற்ற மதிப்பெண்ணைத் தரப்புள்ளியாக்கி, அதனை அப்பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாப் பாடங்களுக்கும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே சராசரித் தரப்புள்ளி. ஒரு பருவத்திற்கு மட்டும் கண்டால் அது ஜி.பி.ஏ.; சேர்ந்த நாள் முதல் இன்றுவரை எல்லாப் பருவங்களுக்கும் கண்டால் அது சி.ஜி.பி.ஏ.

எடை என்பதன் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 5 கிரெடிட் பாடத்தில் 52 மதிப்பெண்ணும், 2 கிரெடிட் பாடத்தில் 88 மதிப்பெண்ணும் ஒருவர் பெற்றார் என்க. வெறும் சராசரி 70. எடையுடன் கண்டாலோ, 5-ஐ 5.2-ஆல் பெருக்க 26, 2-ஐ 8.8-ஆல் பெருக்க 17.6, கூட்டுத்தொகை 43.6-ஐ 7-ஆல் வகுக்க 6.23 மட்டுமே. எளிய பாடத்தில் தொண்ணூறு வாங்கிவிட்டு, முதன்மைப் பாடத்தை "எப்படியும் தேறிவிடலாம்" என்று விட்டுவிடும் பிள்ளைகள் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

எல்லாப் பல்கலைக்கழகமும் மதிப்பெண்ணை ஒரே வகையில் தரப்புள்ளியாக்குவதில்லை. கலைக் கல்லூரிகளுள் பலவற்றில் மதிப்பெண்ணைப் பத்தால் வகுப்பதே வழக்கம். 63 வாங்கினால் 6.3. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையிலோ படிகள் உள்ளன. 91 முதல் 100 வரை 10. 81 முதல் 90 வரை 9. 71 முதல் 80 வரை 8. 61 முதல் 70 வரை 7. 56 முதல் 60 வரை 6. 50 முதல் 55 வரை 5. அங்கே 61 வாங்கியவருக்கும் 70 வாங்கியவருக்கும் ஒரே தரப்புள்ளி. 80-க்கும் 81-க்கும் இடையிலோ ஒரு முழுப் புள்ளி. ஆதலின் பொறியியல் பயிலும் பிள்ளை, எந்தப் பாடத்தில் தான் அடுத்த படியின் விளிம்பில் நிற்கின்றது என்று பார்த்து அங்கே உழைத்தல் நலம். கலைக் கல்லூரிப் பிள்ளைக்கு அந்தக் கவலையில்லை. எங்கே ஒரு மதிப்பெண் கூடினாலும் அது கணக்கில் ஏறும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் மற்றொன்றும் அறிதல் வேண்டும். இப்பகுதிக் கலைக் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2021-க்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. அண்ணன் பட்டியலையும் தங்கை பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிடுமுன், இரண்டின் பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பட்டியலின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது நம் அனுபவம்!

இனி நயினாரின் மகளுக்கு வருவோம். 5.4 என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 54. அதாவது இரண்டாம் வகுப்பு. பத்துக்கு ஐந்து என்று தள்ளிவிடத் தக்கதன்று. பள்ளியில் தமிழ்வழி பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடத்தில் சேர்ந்த பிள்ளைகட்கு முதலாண்டில் இவ்வாறு இறங்குவது இயல்பே. முதல் வகுப்புக்கு 6.0 வேண்டும். அது கைகூடுமா என்பதுதான் வினா.

கணக்கு எளிதாகும் பொருட்டு, மூன்றாம் பகுதிக்குப் பருவத்திற்கு 15 கிரெடிட் வீதம் ஆறு பருவங்களில் 90 கிரெடிட் என்று கொண்டோம். 6.0 பெற மொத்தம் 540 புள்ளிகள் தேவை. இரு பருவங்களில் 30-ஐ 5.4-ஆல் பெருக்க 162 கைக்கு வந்துவிட்டன. மீதி 378 புள்ளிகளை 60 கிரெடிட்டில் ஈட்ட வேண்டும், பருவந்தோறும் 6.3 போதும். அவரிடம் இதைக் கூறியபோது நம்பவில்லை. பையிலிருந்த பேனாவை எடுத்துத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

இதே 5.4-உடன் நான்கு பருவங்கள் கழிந்துவிட்டால், எஞ்சிய இரு பருவங்களிலும் 7.2 வேண்டும். ஐந்து கழிந்துவிட்டால் கடைசிப் பருவத்தில் 9.0 வேண்டும். "இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் பிள்ளைகள் இந்த மூன்று எண்களையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தனிச்சிறப்புக்கு 7.5 வேண்டுமெனில் அப்பெண் இனிப் பருவந்தோறும் 8.55 பெற வேண்டியிருக்கும். அதை நாம் வற்புறுத்தவில்லை. எட்டாத இலக்கைக் காட்டினால் எட்டுவதும் கைவிட்டுப் போகும்.

சரி, 5.4-ஐ 6.3 ஆக்குவது எங்ஙனம்? அப்பெண்ணையே வரவழைத்துக் கேட்டோம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த தோழி ஒருத்தியும் உடன் வந்திருந்தாள். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண் அவள். இருவர் பட்டியலையும் ஒப்பிட்டோம். தேர்வுத்தாளுக்குரிய 75-இல் மலைப்பெண்ணே கூடுதல். ஆனால் அகமதிப்பீட்டுக்குரிய 25-இல் நயினாரின் மகள் 20 வாங்கிய பாடங்களில் இவள் 11. மழைக்காலத்தில் ஊருக்குச் சென்றவள் உடனே இறங்கிவர இயலாமல், இரு உள்தேர்வுகளைத் தவறவிட்டிருக்கின்றாள். பேராசிரியரிடம் சொல்ல அச்சம். பாடத்திற்கு ஒன்பது மதிப்பெண் என்றால் பாடத்திற்கு 0.9 தரப்புள்ளி போயிற்று. அகமதிப்பெண் பெரும்பாலும் பின்னர் திருத்திக்கொள்ள இயலாதது. உள்தேர்வைத் தவறவிட்டவர் அந்த வாரத்திலேயே துறைத் தலைவரைக் கண்டு காரணம் கூறி மறுவாய்ப்புக் கேட்டல் வேண்டும். பெற்றோர் உடன் சென்றாலும் தவறில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நயினாரின் மகளுக்கோ குறை வேறு. பாடத்தில் ஐந்து அலகுகள் இருக்க, கடினமான இரண்டை விட்டுவிட்டு மூன்றை மட்டும் மனப்பாடம் செய்திருக்கின்றாள். வினாத்தாள் பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று என்று அமையும். சிறுவினாக்கள் அலகுக்கு இரண்டாக வருவதால், விட்ட இரு அலகுகளில் எட்டு மதிப்பெண் எழுதாமலே போய்விடுகின்றது. ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் அவ்வாறே பத்து. அந்த அலகுகளின் வரையறைகளையாவது தமிழில் பொருள் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பத்துமுறை எழுதிப் பழகினால் பாதியேனும் மீளும். பழைய வினாத்தாள்களைக் கல்லூரி நூலகத்தில் பெறலாம். இருவரும் வாரம் ஒரு தாளை மூன்று மணிநேரம் அமர்ந்து எழுதி, மாற்றிக்கொண்டு திருத்துவதென்று முடிவாயிற்று. மலைப்பெண் சொல்லித்தர, இவள் அவளுக்கு உள்தேர்வு நாட்களை நினைவூட்ட வேண்டும். இவ்வேற்பாடு நாம் சொன்னதன்று, அவர்களே செய்துகொண்டது.

விழுக்காடாக்குவதுபற்றி ஒரு சொல். அண்ணா பல்கலைக்கழகத்தில் சி.ஜி.பி.ஏ.யைப் பத்தால் பெருக்குவர். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ஒருகாலத்தில் 9.5-ஆல் பெருக்கினர். ஆதலின் விண்ணப்பங்களில் தம் பல்கலைக்கழகத்தின் வாய்பாட்டையே கையாள வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்குப் பட்டம் இருந்தால் போதும், தரப்புள்ளி பார்ப்பதில்லை. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்கு முதுகலையில் 55 விழுக்காடு தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குச் சலுகை உண்டு.

மூன்றாம் பருவ முடிவு வந்ததும் நயினார் நமக்கு அஞ்சலட்டை எழுதியிருந்தார். மகள் அப்பருவத்தில் 6.4, மொத்தம் 5.73. அதன்கீழ்த் தம் கையாலேயே கணக்கிட்டிருந்தார்: "540-இல் 258 கழித்து, 45-ஆல் வகுக்க, இனி வேண்டுவது 6.27. சரிதானே ஐயா?" சரியே. தோழியின் அகமதிப்பெண்ணும் 19-ஐத் தொட்டதாக ஓரத்தில் எழுதியிருந்தார்.