தவ்ர் குகையும் ஸியாரத்தும்

ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பிய வயதான உம்மா ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "அஜ்ரத்து, என் ஹஜ்ஜு கூடுச்சா, கூடலையா?"

விசாரித்ததில் விஷயம் இதுதான். திருமக்காவில் உடன் வந்தவர்களோடு அவரும் தவ்ர் மலையில் ஏறத் தொடங்கியிருக்கிறார். பாதி தூரத்தில் முழங்கால் மறுத்துவிட்டது. பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் குகையைக் கண்டுவிட்டு இறங்கியபோது ஒரு பெண்மணி, "பாவம் உள்ளவங்களைக் குகை ஏத்துக்காதாம்" என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு சொல் உம்மாவின் ஹஜ்ஜையே சந்தேகத்தில் தள்ளிவிட்டது. இப்படிப்பட்ட மனவேதனை வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இம்மாதம் அக்குகையைப் பற்றி எழுதுகிறோம்.

ஹரம் ஷரீபுக்குத் தெற்கே, ஏமன் திசையில் இருக்கிறது தவ்ர் மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரம். கரடுமுரடான ஏற்றம். மதீனாவோ மக்காவுக்கு வடக்கே உள்ளது. வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே ஏன் போனார்கள்? குறைஷிகள் வடக்குப் பாதையைத்தான் முதலில் தேடுவார்கள் என்பதற்காகவே. அல்லாஹ்வின் மீது முழுத் தவக்குல் வைத்த பெருமானார் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் ஏற்பாடுகளில் எதையும் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கி.பி. 622ல் நடந்த அந்த ஹிஜ்ரத்தில், நாயகம் (ஸல்) அவர்களும் ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களும் இக்குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். அந்த மூன்று நாட்களும் ஒரு குடும்பமே உழைத்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் பகலில் குறைஷிகளின் சதியைக் காதில் வாங்கி, இரவில் வந்து சொல்லி, விடியுமுன் ஊர் திரும்பிவிடுவார். ஆமிர் பின் புஹைரா (ரலி) மாலையில் ஆடுகளை அப்பக்கம் ஓட்டி வந்து பால் தருவார். பிரயாண உணவு மூட்டையைக் கட்டக் கயிறு கிடைக்காதபோது மகளார் அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். 'இரு கச்சையுடையவர்' என்ற பட்டம் அதனால் வந்தது. வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனாலும் நம்பி ஒப்படைத்த ஒட்டகைகளைச் சொன்ன நாளில் கொண்டுவந்து சேர்த்தார்.

தேடி வந்தவர்களின் பாதங்கள் குகைக்குள்ளிருந்து தெரிந்த அந்த நேரத்தைச் சூரத்துத் தவ்பாவின் 40ம் வசனம் நினைவூட்டுகிறது. கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தம் தோழருக்கு நாயகம் (ஸல்) ஆறுதல் கூறியது அங்கேதான். சிலந்தி வலை பின்னிய செய்தி முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அதன் ஸனதைப் பற்றி முஹத்திஸீன்களிடையே இரு கருத்துகள் உண்டு. புறாக் கூட்டின் கதை அதைவிடப் பலவீனமானது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதென்னவோ சிலந்தியும் புறாவும்தான். அஸ்மா நாயகியைச் சொல்வோர் குறைவு.

இனி, பிற்காலத்தார் இங்கே செய்த ஸியாரத்துக்கு வருவோம். 1183ல் மக்கா வந்த ஸ்பெயின் தேசத்து இப்னு ஜுபைரும், 1326ல் முதன்முறை வந்த இப்னு பதூதாவும் இக்குகையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) நுழைந்ததாகச் சொல்லப்படும் குறுகிய பிளவு வழியே புகுந்து பரக்கத் பெற மக்கள் முண்டியடித்தார்களாம். சிலர் நடுவில் மாட்டிக்கொள்வார்களாம். மாட்டிக்கொண்டவர் முறையான பிறப்புடையவர் அல்லர் என்று பாமரர் பேசிக்கொண்டதால், அவமானத்துக்கு அஞ்சி அந்த வழியை நெருங்காதவர்களும் இருந்தார்கள்.

பாருங்கள், ஒரு பாறைப் பிளவை வைத்து ஒரு தாயின் கற்பைத் தீர்மானித்திருக்கிறார்கள்! ஷரீஅத்தில் இத்தகைய பழியைச் சொல்ல நான்கு சாட்சிகள் வேண்டும். இல்லையேல் சொன்னவருக்கே 80 கசையடி.

இப்னு பதூதா இதற்குக் காரணத்தையும் எழுதிவிட்டார். பிளவுக்கு உள்ளே குறுக்காக ஒரு பெரிய கல் கிடக்கிறது. குப்புறப் படுத்து நுழைபவரின் தலை அதில் முட்டும். முகமும் மார்பும் தரையோடு இருப்பதால் நிமிர முடியாது. பிறர் இழுத்துத்தான் மீட்க வேண்டும். மல்லாந்து நுழைபவரோ கல்லருகே தலையைத் தூக்கி உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்றுவிடலாம். இவ்வளவுதான் சங்கதி! அந்த உம்மாவுக்குச் சொல்லப்பட்ட 'பாவம் உள்ளவர்' கதை இந்தப் பழைய பேச்சின் மிச்சம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தவ்ருக்குப் போகவே கூடாதா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'ஈளாஹ்' கிதாபில், மக்காவில் சிறப்புப் பெற்ற இடங்களைக் காண்பது விரும்பத்தக்கது எனக் கூறி, ஹிராவையும் தவ்ரையும் அவற்றில் சேர்த்துள்ளார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) அதற்கு மாறாக, இவ்விடங்களை நாடிச் செல்வது ஸஹாபாக்களின் வழமையில் இல்லை என்றார்கள். இந்தக் கருத்து வேற்றுமையை வைத்து ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது நமக்கு உவப்பில்லை. ஆனால், தவ்ர் மலை ஏறுவது ஹஜ்ஜின் ருகுனோ வாஜிபோ அல்ல என்பதில் இரு தரப்பாருக்கும் பேதமில்லை.

இன்னொன்றும் உண்டு. மக்கா வெற்றியின்போது, 630ல், நாயகம் (ஸல்) 19 நாட்கள் அங்கே தங்கினார்கள். 631ல் ஹஜ்ஜுக்குத் தலைமை தாங்கி வந்தவர்களோ அபூபக்ர் (ரலி). குகையில் இருவரில் ஒருவராக இருந்தவர்கள்! 632ல் நாயகமே ஹஜ்ஜத்துல் விதாவுக்கு வந்தார்கள். இம்மூன்று தடவைகளிலும் தவ்ருக்கு ஏறிப் போனதாக அறிவிப்பில்லை. கூட வந்த ஆயிரக்கணக்கானோரை ஏறச் சொல்லவும் இல்லை.

தெம்புள்ளவர்கள் ஹஜ்ஜின் அமல்கள் முடிந்தபின், வெயில் ஏறுமுன், தண்ணீரோடும் வழி தெரிந்தவரோடும் போய்ப் பார்த்து வரலாம். இப்னு பதூதாவின் நண்பர்கள் இருவர் வழிகாட்டியின்றி ஏறி, பாதை தவறி, தாகத்தால் சாகும் நிலைக்குப் போனதை அவரே எழுதியிருக்கிறார். பாறையில் பெயர் எழுதுவதும், துணி முடிவதும், கல்லைப் பெயர்த்து ஊருக்குக் கொண்டுவருவதும் எந்த இமாமும் சொல்லாதவை.

அந்த உம்மாவிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பரிகாரம் ஏதும் குடுக்க வேணாமா?" என்றார். வேண்டாம் உம்மா, அரஃபாவில் நின்றீர்கள், தவாபு செய்தீர்கள், ஸஃயு ஓடினீர்கள், முடி குறைத்தீர்கள், உங்கள் ஹஜ்ஜில் தவ்ரால் குறை ஏதுமில்லை என்றோம். உள்ளே போய் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார்.