இலக்கே நடுவர்

காரைக்காலைச் சார்ந்த கடற்கரை ஊர்களுள் ஒன்று மண்டபத்தூர். மீன்பிடித்தலே அவ்வூராரின் பழந்தொழில். வீச்சுவலையை மடித்துக் கையில் ஏந்துவதில் மீனவர்க்கு ஒவ்வொரு பழக்கம் உண்டு. ஆயினும், வலை வட்டமாக விரிந்து நீரில் வீழ்வதே அப்பழக்கத்தின் தகுதியைக் காட்டும். துப்பாக்கி சுடும் கலைக்கும் இஃது ஒக்கும்.

10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைக் காற்றுத் துப்பாக்கியால் நின்றவாறு சுடுவது ஒரு போட்டி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இப்போட்டியிலேயே. இலக்கின் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டரே. துப்பாக்கியின் எடையோ 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம்.

புதிதாகப் பயில்வோர் அவ்வெடையைக் கையின் வலிமையால் தாங்க முற்படுவர். அதுவே அவர்க்கு இயல்பாகத் தோன்றும். சிறிது நேரத்தில் தசை சோரும்; கை நடுங்கும்; குறி பிறழும். ஆதலின், தேர்ந்தோர் இட முழங்கையை இடுப்பின்மேல் ஊன்றி, எலும்புகளே எடையைத் தாங்குமாறு நிற்பர். கண்களை மூடி, மூச்சை விட்டு, மீண்டும் விழித்துப் பார்ப்பர். குறி விலகியிருப்பின் கையால் இழுத்து நேராக்கார். பாதங்களையே சற்று நகர்த்துவர். விசையை வெடுக்கென இழுக்காது மெல்ல அழுத்துவர்.

எனினும், அனைவர் உடலும் ஒரே அமைப்பினது அன்று. துப்பாக்கியை மூடிய கைமுட்டியின்மேல் தாங்குவாரும் உளர். உள்ளங்கைமேல் தாங்குவாரும் உளர். பாதங்களின் இடைவெளியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இங்கே விருப்பத்திற்கு இடமுண்டு. ஆனால், “எனக்கு இதுவே வசதி” என்னும் சொல் சான்றாகாது. ஒவ்வொரு முறையையும் சில நாள் பயின்று, பத்துப் பத்துக் குண்டுகள் சுட்டு, எதில் துளைகள் நெருங்கி அமைந்தன எனக் காண்பதே சான்று.

2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றும், இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்திற்கு இறங்கினார். தாம் நின்ற இடத்தில் தரை ஓடு தளர்ந்திருந்ததைப் பின்னரே அறிந்தார். அவர் அதனைச் சாக்காகக் கொண்டு அமையவில்லை. தம் பயிற்சிக் கூடத்திலும் தளர்ந்த ஓட்டின்மேல் நின்று பயின்றதாக அவரே கூறியுள்ளார். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பெய்ஜிங்கில் அவர் சுட்ட இறுதிக் குண்டு 10.8 புள்ளி பெற்றது. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அன்று கிடைத்தது.

பழகியது இனிதாகத் தோன்றும். ஆயினும், அது நல்லதா என்பதை இலக்கே கூறும். அத்தீர்ப்புக்குப் பணிந்து தம்மைத் திருத்திக்கொள்வோரே வல்லுநர் ஆவர்.