ஆடிக்காற்று ஏன் இரவிலும் அடிக்கிறது?

காற்று எப்படி உருவாகிறது என்று கற்பிக்கும்போது நாம் எல்லோரும் கடற்காற்றையும் நிலக்காற்றையும்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். பகலில் நிலம் விரைவில் சூடாகும், கடலிலிருந்து காற்று வரும். இரவில் திசை மாறும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டால் பாடம் முடிந்தது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பிள்ளைகளுக்குக் கடல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்காதவர்களே வகுப்பில் அதிகம். காற்றைப் பற்றியோ அவர்களுக்கு நிறையவே தெரியும். ஒருமுறை இந்தப் பாடத்தை முடித்துப் புத்தகத்தை மூடியபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், ஆடியில ராத்திரியும்தான காத்து அடிக்குது? ராத்திரி தரை குளுந்துதான கெடக்கும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். மறுநாள் சொன்ன பதிலும் பாதிதான் சரி என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பதிலுக்குப் போகும் முன் நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். "சூடான காற்று மேலே போகிறது, அங்கே வெற்றிடம் உண்டாகிறது, அதை நிரப்பக் குளிர்ந்த காற்று வருகிறது." நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொன்னேன். அங்கே வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. சூடான காற்று விரிகிறது, அடர்த்தி குறைகிறது. உயர்ந்த காற்றுத்தூணின் மேற்பகுதியிலிருந்து காற்று பக்கங்களுக்கு வழிகிறது. அதனால் அந்தத் தரையின்மேல் நிற்கும் காற்றின் மொத்த எடை குறைகிறது. அதைத்தான் குறைந்த அழுத்தம் என்கிறோம். பக்கத்தில் அழுத்தம் மிகுந்த இடத்திலுள்ள கனத்த காற்று கீழ்வழியாக உள்ளே தள்ளுகிறது. சூடான காற்று இழுப்பதில்லை. குளிர்ந்த காற்று தள்ளுகிறது.

காற்றுக்கு எடை உண்டு என்பதைப் பிள்ளைகள் எளிதில் நம்ப மாட்டார்கள். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையின் கன அளவை அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 108 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. அறைக்குள் இருக்கும் காற்று 120 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு நெல் மூட்டை அளவுக்குக் கனம் என்றால் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள்.

புகைப்பெட்டிச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றின் மேற்புறம் இரு ஓரங்களில் துளையிட்டு, இருபுறமும் மூடி நீக்கிய இரண்டு தகர டப்பாக்களைப் புகைபோக்கிகளாகப் பொருத்துங்கள். முன்பக்கத்தைக் கண்ணாடித்தாளால் மூடுங்கள். ஒரு டப்பாவுக்கு நேர் கீழே மெழுகுவத்தி. மற்றதன் வாயருகே புகையும் ஊதுவத்தி. புகை மேலே போகாமல் பெட்டிக்குள் இறங்கி, குறுக்கே ஓடி, மெழுகுவத்தி பக்கமாக வெளியேறும். புகை கீழே இறங்குவதைப் பார்க்கும் அந்த நொடியில் வகுப்பு அடங்கிவிடும். முதல்முறை எனக்குச் சரியாக வரவில்லை. பெட்டியின் இடுக்குகளை ஒட்டாமல் விட்டதும், மின்விசிறியை நிறுத்த மறந்ததும்தான் காரணம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சோதனை முடிந்ததும் ஒரு பையன், "இது எங்க மூட்டம் மாதிரி இருக்கு" என்றான். சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, கரி எடுக்கும் மூட்டம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு விஷயம். கீழ்த்துளை வழியாகக் காற்று நுழைகிறது, மேலே புகை வெளியேறுகிறது. காற்று அதிகமாகப் புகுந்தால் விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும் என்பதால் துளைகளை மண் வைத்து அடைப்பார்கள். அழுத்தம் என்ற சொல்லைக் கேட்டிராத பெற்றோரும் அன்றாடம் இதைக் கையாள்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பையன்தான் பாடம் நடத்தினான்.

இனி அந்த மாணவியின் கேள்வி. சித்திரை வெயிலில் கரிசல் தரிசின்மேல் எழும் சுழல்காற்று, சில மீட்டர் அகலமே உள்ள சூட்டால் பிறப்பது. பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. கடற்காற்று சில பத்து கிலோமீட்டர் அளவிலானது; பகல், இரவு என்று மாறும். ஆடிக்காற்றுக்குக் காரணம் நம் கரிசல் தரை அல்ல. கோடை முழுவதும் ராஜஸ்தானிலிருந்து பாகிஸ்தான் வரை உள்ள நிலம் காய்கிறது. வறண்ட மண்ணைச் சூடாக்க, அதே எடையுள்ள நீருக்குத் தேவையான வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கே போதும் என்பதால் இந்தியப் பெருங்கடல் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. ஜூலையில் அங்கே அழுத்தம் 1000 மில்லிபாருக்குக் கீழே இறங்குகிறது. நம் தென்முனையில் 1010 அளவில் நிற்கிறது. மாதக்கணக்கில் உண்டான இந்த வேறுபாட்டை ஓர் இரவின் குளிர்ச்சி அழித்துவிடாது. அதனால்தான் இரவிலும் காற்று. ஆனாலும் இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று அடங்கிக் கிடப்பதால் வேகம் சற்றுத் தணியும். பிள்ளைகள் இதையும் கவனித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

தெற்கிலிருந்து வர வேண்டிய காற்று ஏன் தென்மேற்கிலிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் புவிச் சுழற்சியால் வலப்பக்கம் விலகுகிறது. வால்விண்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி 1686இல் பருவக்காற்றுகளுக்குச் சூரிய வெப்பமே காரணம் என்று எழுதினார். சுழற்சியை அவர் கணக்கில் கொள்ளவில்லை. 1735இல் ஹாட்லிதான் அதைச் சேர்த்தார். ஹாலியின் பதிலும் பாதிதான் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. நமக்கு வந்து சேர்வது வறண்ட காற்றும் புழுதியும். நம் மழை ஐப்பசியில் வேறு காற்றோடு வருகிறது. அப்போது ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து உயர் அழுத்தமாகியிருக்கும். ஆடிக்கு வரைந்த படத்தில் 'உயர்', 'தாழ்' என்ற சொற்களை இடம் மாற்றி எழுதச் சொல்லி, அம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். விடையை நாம் சொல்ல வேண்டியிருக்காது.